நென்கின் பணத்தைக் கேட்கும் முன் இ.பி.எஸ். வருஷங்களை எண்ணுங்கள்

ஜப்பானில் வேலை பார்த்துவிட்டுச் சென்னைக்குத் திரும்பும் யாரிடமும் முதலில் கேட்கப்படுவது, "நென்கின் ரீஃபண்ட் போட்டாச்சா?" என்பதுதான். அங்கே சம்பளத்தில் பிடித்த பென்ஷன் பணத்தைத் திரும்பக் கேட்டு விண்ணப்பிப்பதைத்தான் அப்படிச் சொல்கிறோம். ஜப்பான் முகவரியை ரத்து செய்துவிட்டுக் கிளம்பிய நாளிலிருந்து இரண்டு வருஷத்துக்குள் விண்ணப்பம் போய்ச் சேர வேண்டும். அதனால் எல்லோரும் அவசரப்படுத்துவார்கள். நான் 2021 அக்டோபரில் கொரட்டூர் வீட்டுக்கு வந்து சேர்ந்ததும் விசாரித்தவர்கள் பாதிப்பேர் இதைத்தான் விசாரித்தார்கள்.

நான் போடவில்லை. என் விஷயத்தில் அதுதான் சரி என்று இன்றும் நம்புகிறேன். அதற்காக யாரும் எடுக்கவே கூடாது என்று சொல்ல வரவில்லை. எடுப்பதா வேண்டாமா என்று தீர்மானிக்கும் முன், இந்தியாவில் உங்களுக்கு எத்தனை வருஷம் இ.பி.எஸ். (பி.எஃப்.போடு சேர்ந்து வரும் ஊழியர் பென்ஷன் திட்டம்) சர்வீஸ் இருக்கிறது என்று பாருங்கள். உங்கள் மனைவிக்கு எத்தனை வருஷம் இருக்கிறது என்றும் பாருங்கள். இதைப் பார்க்காமல் படிவத்தில் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிடுகிறவர்களைப் பற்றிக் கேள்விப்படும்போதெல்லாம் எனக்கு மனசு கேட்பதில்லை. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

ஜப்பானில் கம்பெனி வேலையில் இருப்பவர்களுக்கு 'கோசெய் நென்கின்' பிடிப்பார்கள். மொத்தம் 18.3 சதவீதம்; பாதி நம்முடையது, பாதி கம்பெனியுடையது. நான் ஹமமட்சுவில் ஒரு வாகன உதிரிபாகத் தொழிற்சாலையில், குவாலிட்டி பிரிவில், 2014 அக்டோபரிலிருந்து 2021 செப்டம்பர் வரை இருந்தேன். 84 மாதம். அந்தக் கம்பெனியே நேரடியாக வேலைக்கு எடுத்ததால் பிடித்தம் முழுக்க அங்கேதான். இங்குள்ள கம்பெனி அனுப்பி அங்கே போகிறவர்களின் கதை வேறு. இவர் இங்கேயே பி.எஃப்.பில் இருக்கிறார் என்று நம் பி.எஃப். நிறுவனமான இ.பி.எஃப்.ஓ. தரும் கவரேஜ் சர்டிபிகேட்டை அவர்கள் காட்டினால் பொதுவாக ஐந்து வருஷம் வரை அங்கே பென்ஷன் பிடித்தம் இல்லை, இங்கே பி.எஃப். தொடரும். ஐ.டி. கம்பெனிகளிலிருந்து போகிறவர்கள் பெரும்பாலும் அந்த வகை. அவர்களுக்கு இந்தப் பதிவு அவ்வளவாகத் தேவைப்படாது.

நான் போன புதிதில் சீனியர்கள் சொன்னது இதுதான்: "25 வருஷம் கட்டினால்தான் இங்கே பென்ஷன். நம்மில் யார் 25 வருஷம் இருக்கப் போறோம்? ஊருக்குப் போறப்ப ரீஃபண்ட் வாங்கிக்கோ." அன்றைக்கு அது நூற்றுக்கு நூறு சரியான அறிவுரை. ஆனால் அதற்குப் பிறகு இரண்டு விஷயங்கள் மாறின. 2016 அக்டோபர் 1-ல் இந்தியா - ஜப்பான் சமூகப் பாதுகாப்பு ஒப்பந்தம் அமலுக்கு வந்தது. 2017 ஆகஸ்டில், பென்ஷனுக்கு வேண்டிய குறைந்தபட்சக் காலத்தை ஜப்பான் 25 வருஷத்திலிருந்து 10 வருஷமாகக் குறைத்தது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் நிலைமை தலைகீழாகிவிடுகிறது. அறிவுரை மட்டும் பழையபடியே ஒருவர் வாயிலிருந்து இன்னொருவர் காதுக்குப் போய்க்கொண்டிருக்கிறது.

ஒப்பந்தம் என்ன செய்கிறது? தகுதி இருக்கிறதா என்று பார்க்கும்போது இரண்டு நாட்டு வருஷங்களையும் கூட்டிக்கொள்ளலாம். ஜப்பானில் 7 வருஷம், இந்தியாவில் இ.பி.எஸ்.ஸில் 4 வருஷம் என்றால் 11 ஆகிறது. ஜப்பானின் 10 வருஷ நிபந்தனை தீர்ந்தது. ஒரே காலத்தை இரண்டு முறை எண்ண முடியாது, அவ்வளவுதான். கூட்டுவது தகுதிக்கு மட்டும். பணம் என்று வரும்போது ஜப்பான் தன்னிடம் இருந்த 7 வருஷத்துக்குத் தரும், இந்தியா தன்னிடம் இருந்த 4 வருஷத்துக்குத் தரும். இங்கே கட்டியதை அங்கே மாற்றுவது, அங்கே கட்டியதை இங்கே கொண்டுவருவது எதுவும் கிடையாது. ஆனால் ரீஃபண்ட் வாங்கிவிட்டால் அந்த ஜப்பான் காலம் மொத்தமும் பதிவிலிருந்து அழிந்துவிடும். அப்புறம் கூட்டுவதற்கு ஒன்றும் இருக்காது.

இனி கணக்குக்கு வருவோம். போனஸையும் சேர்த்து மாதச் சராசரி 3 லட்சம் யென் என்று ஒரு ரவுண்டான எண்ணை வைத்துக்கொள்கிறேன். உங்கள் எண்ணைப் போட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ரீஃபண்டுக்கு உச்சவரம்பு உண்டு. 2021 ஏப்ரலுக்கு முன் 36 மாதம், அதிலிருந்து 60 மாதம். 60 மாதமோ அதற்கு மேலோ வேலை பார்த்திருந்தால், சராசரியைப் போல 5.5 மடங்கு கிடைக்கும். 3 லட்சத்துக்கு 16.5 லட்சம் யென். அதில் 20.42 சதவீத வரி, அதாவது 3,36,930 யென், பிடித்துக்கொண்டு 13,13,070 யென் அனுப்புவார்கள். பிடித்த வரியைத் திரும்பக் கேட்கலாம். அதற்கு ஜப்பானில் வசிக்கும் ஒருவரை உங்கள் வரிப் பிரதிநிதியாக அங்குள்ள வரி அலுவலகத்தில் பதிந்திருக்க வேண்டும். இதில் பலர் கவனிக்காதது என்னவென்றால், திரும்பி வருவது ஊழியர் பங்கை ஒட்டிய தொகை மட்டும்தான். கம்பெனி கட்டிய பாதி வராது. என்னைப் போல 84 மாதம் இருந்தவருக்கு, 60-க்கு மேற்பட்ட 24 மாதத்துக்கும் ஒரு யென்கூட வராது, ஆனால் அந்த மாதங்களும் சேர்ந்தே அழியும். உச்சவரம்பை 8 வருஷமாக உயர்த்த ஜப்பான் 2025-ல் சட்டம் நிறைவேற்றியிருக்கிறது. இனி திரும்புகிறவர்கள் அது எந்தத் தேதியிலிருந்து அமலாகிறது என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

எடுக்காமல் விட்டால்? 65 வயதிலிருந்து இரண்டு பகுதியாகப் பென்ஷன். சம்பளத்தை ஒட்டிய பகுதி, சராசரியில் ஆயிரத்துக்கு 5.481 என்ற அவர்கள் விகிதத்தை மாதங்களால் பெருக்குவது: 3,00,000 × 5.481 ÷ 1000 × 84, அதாவது வருஷத்துக்கு 1,38,121 யென். அடிப்படைப் பென்ஷன் பகுதி: 40 வருஷம், 480 மாதம் முழுதாக இருந்தவருக்கு 2025 நிதியாண்டில் வருஷத்துக்கு 8,31,700 யென். அதில் 84 மாதத்துக்குச் சேர வேண்டியது 1,45,547 யென். மொத்தம் 2,83,668 யென். ஒரு யென்னுக்கு 60 பைசா என்று போட்டால் வருஷம் 1.7 லட்சம் ரூபாய், ஆயுள் உள்ளவரை. அதே கணக்கில் ரீஃபண்ட், வரியையும் திரும்ப வாங்கிவிட்டால், 9.9 லட்சம் ரூபாய். ஆறு வருஷம் பென்ஷன் வாங்கினால் ரீஃபண்டைத் தாண்டிவிடும்.

இந்த இடத்தில் நியாயமாக ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். எனக்கு 65 ஆவது 2044-ல். 9.9 லட்சத்தை 7 சதவீதக் கூட்டுவட்டியில் 23 வருஷம் தொடாமல் வைத்தால் 47 லட்சத்தை நெருங்கும். அதன் வருஷ வட்டியே 1.7 லட்சத்தைவிட அதிகம். வெறும் காகிதக் கணக்கில் ரீஃபண்ட் ஜெயிக்கலாம். அதே சமயம் ஜப்பான் பென்ஷன் அப்படியே உறைந்து நிற்பதும் இல்லை. விலைவாசியையும் சம்பளத்தையும் பார்த்து வருஷா வருஷம் திருத்துகிறார்கள். முழு அடிப்படைப் பென்ஷன் 2024-ல் 8,16,000 யென்னாக இருந்தது, அடுத்த வருஷம் 8,31,700 ஆனது. இன்னும் இருபது வருஷத்தில் யென்னுக்கு எத்தனை பைசா என்று யாரும் சத்தியம் செய்ய முடியாது.

நான் முடிவெடுத்தது வேறு காரணத்தால். பத்து லட்சம் ரூபாய் என் கணக்கில் 23 வருஷம் தூங்காது. வீட்டுக் கடன் இருக்கிறது. திருநின்றவூரில் மனை பார்த்து வைத்திருக்கிற மைத்துனர் இருக்கிறார். மகளின் காலேஜ் வரும். எல்லாமே நல்ல செலவுகள்தான், தப்பே சொல்ல முடியாத செலவுகள். அப்பா ஆவடியில் மத்திய அரசுத் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மாதக் கடைசியில் பென்ஷன் கணக்கில் விழுந்ததும் பாஸ்புக்கை எடுத்துக்கொண்டு வங்கிக்கு நடந்துபோய்ப் பதிந்துவருவார். அவரிடம் இந்தக் கணக்கையெல்லாம் விளக்கினேன். "மொத்தமா வர்றதுக்கு ஆயிரம் பேர் வழி சொல்லுவாங்கப்பா. மாசாமாசம் வர்றதை யாரும் கேட்க மாட்டாங்க" என்றார். எனக்கு அது போதுமானதாக இருந்தது.

மூன்று வருஷம் மட்டும் அங்கே இருந்துவிட்டு வந்து, இங்கே பி.எஃப். இல்லாத சொந்தத் தொழிலில் இறங்கியவருக்கு நான் இதைச் சொல்ல மாட்டேன். என்னோடு ஒரே ஷிஃப்டில் இருந்த ஒருவர் அப்படித்தான் வந்தார். இந்திய வருஷம் எதுவும் இல்லை, இனி வரப்போவதும் இல்லை. 10 வருஷம் எந்தப் பக்கமும் சேராது. எடுத்துக்கொள்ளுங்கள் என்று நானே படிவத்தை நிரப்பிக் கொடுத்தேன்.

என் மனைவி விஷயம்தான் எனக்கு மிகவும் முக்கியமாகப் படுகிறது. இதை யாரும் பேசி நான் கேட்டதில்லை.

ஜப்பானில் கம்பெனி ஊழியரின் வருமானத்தில் வாழும் கணவனோ மனைவியோ, 20 வயதிலிருந்து 60-க்குள் இருந்தால், தேசியப் பென்ஷனில், அதாவது மேலே சொன்ன அடிப்படைப் பென்ஷனில், மூன்றாம் வகைச் சந்தாதாரர். தனியாக எதுவும் கட்ட வேண்டியதில்லை. என் சம்பளத்திலும் அதற்கென்று கூடுதலாகப் பிடிக்கவில்லை. ஆனால் அந்த மாதங்கள் கட்டிய மாதங்களாகவே கணக்கில் ஏறும். மனைவி 2015 ஏப்ரலில் வந்தாள். கிளம்பும்வரை 78 மாதம். பிறந்த மாதத்தில் எனக்கு ஒரு நென்கின் அஞ்சலட்டை வரும், அவளுக்கும் ஒன்று வரும். அவளுடையதில் மூன்றாம் வகைக்கான கட்டத்தில் மாதங்களின் எண்ணிக்கை வருஷா வருஷம் பன்னிரண்டு ஏறிக்கொண்டே இருக்கும். ஒட்டிய பக்கத்தைப் பிரித்துப் பார்த்துவிட்டு அவள் அதை மளிகைச் சீட்டுகளோடு சொருகி வைத்துவிடுவாள்.

அவள் கையிலிருந்து எதுவும் கட்டாததால் அவளுக்கு ரீஃபண்ட் என்பதே கிடையாது. ஒன்று பென்ஷன், இல்லாவிட்டால் ஒன்றுமில்லை. 78 மாதம் என்றால் ஆறரை வருஷம். பத்துக்கு மூன்றரை குறைகிறது. அந்த மூன்றரை இந்தியாவில் இருந்தால் உண்டு.

இருந்தது. கல்யாணத்துக்கு முன் அவள் கிண்டி எஸ்டேட்டில் ஒரு சிறிய கம்பெனியில் அக்கவுண்ட்ஸ் பார்த்தாள், 2007 ஜூலையிலிருந்து 2011 செப்டம்பர் வரை. "பி.எஃப்.பைத்தான் கல்யாணத்துக்கு எடுத்தாச்சே" என்றாள். நம் ஊரில் பெண்கள் விஷயத்தில் இது வழக்கம்தான். கல்யாணத்துக்காக வேலையை விடும் பெண்களுக்கு இரண்டு மாதம் காத்திருக்காமலே பி.எஃப். எடுக்கச் சலுகையும் இருந்தது. ஆனால் பி.எஃப். பணத்துக்கு ஒரு படிவம், பென்ஷன் பகுதிக்கு இன்னொரு படிவம். முதலாவது 19, இரண்டாவது 10சி. இரண்டையும் ஒன்றாகக் கொடுப்பவர்களும் உண்டு, 19-ஐ மட்டும் கொடுப்பவர்களும் உண்டு.

மாமியார் வீட்டுப் பரணில் இருந்த ஒரு பழைய ஃபைலில் நகல்கள் கிடைத்தன. 19 இருந்தது. 10சி இல்லை. கூடவே கம்பெனி நிரப்பிய ஃபார்ம் 3ஏ இருந்தது. மாத வாரியாகக் கட்டம் போட்டு, சம்பளம், ஊழியர் பங்கு, நிர்வாகப் பங்கு, பென்ஷன் நிதி என்று பத்திகள். அன்றைக்குப் பென்ஷன் நிதிக்கான சம்பள உச்சவரம்பு 6,500 ரூபாய், அதில் 8.33 சதவீதம் 541 ரூபாய். அந்தக் கடைசிப் பத்தியில் மேலிருந்து கீழாக 541, 541, 541 என்று நீல மையில் எழுதியிருந்தார்கள். பி.எஃப். எடுத்த நாளில் யாரும் அந்தப் பத்தியைப் பார்த்திருக்க மாட்டார்கள்.

"என்னங்க, அங்க நான் ஒரு யென்கூடக் கட்டலை. இங்க கட்டினது மாசம் ஐந்நூறு. இதுக்குப் போய் பென்ஷன் தருவாங்களா?" என்று கேட்டாள். தருவார்கள். இங்கே 4 வருஷம் 3 மாதம், அங்கே 6 வருஷம் 6 மாதம். கூட்டினால் 10 வருஷம் 9 மாதம். 2025-ன் விகிதத்தில் 8,31,700-ல் 480-க்கு 78 பங்கு, அதாவது வருஷத்துக்கு 1,35,151 யென். சுமார் 81,000 ரூபாய். அவள் பெயரில், அவள் கணக்கில். அன்றைக்கு 10சி-யையும் சேர்த்துக் கொடுத்திருந்தால் கொஞ்சம் பணம் கைக்கு வந்திருக்கும், அந்த நாலு வருஷ சர்வீஸ் முடிந்துபோயிருக்கும்.

அதனால்தான் சொல்கிறேன், வீட்டில் இருக்கும் பெண்களின் பழைய பி.எஃப். நம்பரைத் தேடுங்கள். இரண்டு வருஷம் டீச்சராக இருந்தேன், மூன்று வருஷம் எக்ஸ்போர்ட் கம்பெனியில் இருந்தேன் என்று சொல்லிவிட்டு விட்டுவிடுவார்கள். அந்தச் சின்னச் சின்ன வருஷங்கள்தான் அந்தப் பக்கத்துப் பத்து வருஷத்தை நிரப்பும்.

சரி, கண்டுபிடித்தாயிற்று. அதை ஆதாரமாக மாற்ற வேண்டுமே. அதற்கு வழி ஸ்கீம் சர்டிபிகேட், இத்தனை காலம் இ.பி.எஸ்.ஸில் இருந்தார் என்று இ.பி.எஃப்.ஓ. தரும் சான்று. அதே 10சி படிவத்தில் பணம் வேண்டாம், சர்டிபிகேட் வேண்டும் என்று கேட்கலாம். யூ.ஏ.என்., அதாவது கம்பெனி மாறினாலும் மாறாத ஒரே பி.எஃப். எண், வந்ததே 2014 அக்டோபரில்தான். அதற்கு முந்தைய கணக்குகளுக்குப் பழைய நம்பர் மட்டும்தான், நம் ஊரில் TN, MAS என்ற எழுத்துகளில் தொடங்குமே, அந்த நம்பர். ஊர் பெயர் சென்னையாகி இத்தனை வருஷமான பிறகும் பி.எஃப். நம்பரில் மெட்ராஸ்தான் இருக்கிறது. ராயப்பேட்டை நெடுஞ்சாலையில் இருக்கும் இ.பி.எஃப்.ஓ. அலுவலகத்தில் அந்த நம்பரை வைத்துப் பார்த்து, பென்ஷன் பகுதி எடுக்கப்படவில்லை என்று உறுதி செய்தார்கள். ஒவ்வொரு மாதமும் 27-ஆம் தேதி மாவட்டந்தோறும் 'நிதி ஆப்கே நிகட்' என்று குறைகேட்கும் முகாம் நடத்துகிறார்கள். பழைய கணக்கு வைத்திருப்பவர்களுக்கு அது உதவும். பேப்பரை நேரில் காட்டிப் பேசலாம்.

பெயர்தான் பெரிய வேலை. நமக்கு இருப்பது இனிஷியல். பி.எஃப். பதிவில் அவள் பெயரோடு அவள் அப்பாவின் இனிஷியல். கல்யாணத்துக்குப் பிறகு எடுத்த பாஸ்போர்ட்டில் சர்நேம் கட்டத்தில் என் பெயர். ஜப்பான் பதிவிலோ எல்லாமே கத்தகானா என்ற அவர்கள் எழுத்தில், சர்நேம் முதலில். ஆக அங்கே அவள் என் பெயரால் தொடங்குகிறாள், இங்கே அவள் அப்பாவின் எழுத்தோடு நிற்கிறாள். ஒரே ஆள் என்று இரண்டு அரசாங்கத்துக்கும் தெரிய வேண்டும். எனக்கும் இதே கதை. என் பாஸ்போர்ட்டில் சர்நேம் அப்பாவின் பெயர். ஹமமட்சுவில் ஏழு வருஷமும் என்னை அப்பாவின் பெயரோடு மரியாதைக்கு 'சான்' சேர்த்துத்தான் கூப்பிட்டார்கள். வீடியோ காலில் அதைக் கேட்கும்போதெல்லாம் அப்பாவுக்கு முகம் மலர்ந்துவிடும். எனக்கும் அது பிடித்திருந்தது. ஆனால் பி.எஃப். பதிவில் நான் வெறும் முன்னெழுத்தோடு இருக்கிறேன்.

பி.எஃப். பக்கத்தில் பெயரைத் திருத்த ஜாயிண்ட் டிக்ளரேஷன் கொடுக்க வேண்டியிருந்தது, ஊழியரும் கம்பெனியும் சேர்ந்து கையெழுத்துப் போட்டு. என் பழைய கம்பெனி இருக்கிறது, முடிந்தது. அவளுடைய கம்பெனி மூடப்பட்டுவிட்டது. கிண்டியில் அந்த இடத்தில் இப்போது வேறு ஏதோ கோடவுன். மூடிய கம்பெனி என்றால் கெசட்டட் ஆபீசர் போன்றவர்களின் சான்றொப்பத்தோடு கொடுக்கலாம். கல்யாணப் பதிவுச் சான்றிதழ், ஆதார், பள்ளி மாற்றுச் சான்றிதழ் எல்லாம் வைத்தோம். நேரம் எடுத்தது, ஆனால் நடந்தது. கவுண்டரில் இருந்த அம்மா ஒவ்வொரு பேப்பரையும் பிரித்துப் பார்த்து, "அப்பா பேரு, வீட்டுக்காரர் பேரு ரெண்டும் ஒரே தாள்ல வர்ற மாதிரி இந்தக் கல்யாண சர்டிபிகேட்டை மேல வைங்க" என்று வரிசை மாற்றிக் கொடுத்தார். சர்டிபிகேட் வந்தபோது அதில் வேலையில் சேர்ந்த தேதி, விட்ட தேதி, சர்வீஸ் காலம், குடும்பத்தினர் விவரம் எல்லாம் இருந்தது.

என் பக்கத்தில் இன்னொரு விஷயமும் இருந்தது. 2014 செப்டம்பர் 1 முதல், 15,000 ரூபாய்க்கு மேல் சம்பளத்தில் புதிதாகப் பி.எஃப்.பில் சேருகிறவருக்கு இ.பி.எஸ். கிடையாது. ஏற்கெனவே இ.பி.எஸ். உறுப்பினராக இருந்து, பணத்தை எடுக்காமல் வைத்திருப்பவர் தொடரலாம். திரும்பி வந்து வேலையில் சேரும்போது ஃபார்ம் 11-ல், முன்பு 1995 பென்ஷன் திட்டத்தில் உறுப்பினரா என்று ஒரு கேள்வி இருக்கும். சேரும் நாளில் இருபது படிவங்களோடு இருபத்தொன்றாக வரும். அங்கே 'இல்லை' என்று டிக் அடித்தால் புதியவராகிவிடுவீர்கள். நான் 2005-லிருந்து 2014 வரை அம்பத்தூரில் வேலை பார்த்த காலத்தின் நம்பரை எழுதி, திரும்பி வந்து சேர்ந்த ஒரகடத்துக் கம்பெனியின் எச்.ஆர்.ரிடம் ஸ்கீம் சர்டிபிகேட் நகலையும் கொடுத்தேன். இந்தியப் பென்ஷன் பெரிய தொகை ஒன்றும் இல்லை. 15,000-ஐ சர்வீஸ் வருஷத்தால் பெருக்கி 70-ஆல் வகுப்பது. 2014-க்கு முந்தைய வருஷங்களுக்கு 6,500. இந்த உச்சவரம்பே நீடித்தால் எனக்கு 58 வயதில் மாதம் நாலாயிரத்துச் சொச்சம் வரலாம். ஆனாலும் அது என்னுடையது.

மற்ற நாடுகளிலிருந்து திரும்புகிறவர்களும் கேட்கிறார்கள். ஜெர்மனி, பிரான்ஸ், நெதர்லாந்து, கொரியா, கனடா, ஆஸ்திரேலியா ஆகியவற்றோடும் நமக்கு ஒப்பந்தம் உண்டு. ஒவ்வொன்றின் விதியும் வேறு. ஜெர்மனியில் குறைந்தபட்சக் காலம் ஐந்து வருஷம்தான். அமெரிக்காவோடு இதுவரை ஒப்பந்தம் இல்லை, அங்கே 40 கிரெடிட், அதாவது சுமார் பத்து வருஷம், அங்கேயே சேர்ந்தாக வேண்டும். எனக்குத் தெரிந்தது ஜப்பான் மட்டும், அதனால் மற்றதை அந்தந்த நாட்டுக்காரர்கள் எழுதட்டும்.

ஜப்பானிலிருந்து கிளம்பப் போகிறவர்களுக்கு: நீல நிற நென்கின் கையேடோ, 2022-க்குப் பிறகு போனவர்கள் என்றால் அதற்குப் பதிலாக வரும் எண் அறிவிப்புத் தாளோ, இரண்டு பேருடையதையும் கைப்பையில் வையுங்கள், கார்கோவில் போடாதீர்கள். அதில் இருக்கும் பத்து இலக்க எண்தான் எல்லாவற்றுக்கும் ஆதாரம். கிளம்பும் முன் பக்கத்து நென்கின் அலுவலகத்துக்குப் போய் உங்கள் மாதக் கணக்கை அச்சிட்டு வாங்குங்கள், மனைவியுடையதையும் வாங்குங்கள். அவர் உங்களைச் சார்ந்தவராகப் பதியப்படாமல் ஏதாவது மாதம் விட்டுப்போயிருந்தால் அங்கே இருக்கும்போதே சரிசெய்வது சுலபம். ஊருக்கு வந்தபிறகு, இங்கிருந்து அந்தத் திட்டத்தில் கூடுதல் மாதம் கட்ட நம்மால் முடியாது. ஜப்பான் குடிமக்களுக்கு மட்டும்தான் அந்த வசதி. எனவே அங்கே உள்ளது உள்ளபடி பதிவாகியிருக்க வேண்டும். பழைய பாஸ்போர்ட்டுகளைத் தூக்கிப் போடாதீர்கள்.

65 வயதில் விண்ணப்பத்தை இங்கேயே இ.பி.எஃப்.ஓ. மூலம் கொடுக்கலாம், ஒப்பந்தத்தில் அதற்கு இடம் இருக்கிறது. பென்ஷன் தொடங்கிய பிறகு வருஷத்துக்கு ஒரு முறை உயிரோடு இருப்பதற்கான சான்றை ஜப்பானுக்கு அனுப்ப வேண்டும். அப்பா நவம்பரில் வங்கியில் கொடுக்கிறாரே, அதே மாதிரி. மனைவிக்கு 65 ஆவது 2050-ல். எது எந்த ஃபைலில் இருக்கிறது, எங்கே கொடுக்க வேண்டும் என்று மகளுக்காக ஒரு தாளில் எழுதி ஸ்கீம் சர்டிபிகேட்டோடு வைத்திருக்கிறேன்.

நகோயாவில் இருக்கும் ஒரு நண்பர் வரும் மார்ச்சில் குடும்பத்தோடு திரும்புகிறார். ரீஃபண்ட் படிவத்தை டவுன்லோடு செய்து பாதி நிரப்பி வைத்துவிட்டார். அவர் மனைவி கல்யாணத்துக்கு முன் கோயம்புத்தூரில் ஒரு மில் அலுவலகத்தில் நாலு வருஷம் இருந்தாராம். இப்போது அவர் மாமனார் அந்த மில்லுக்குப் போய்ப் பழைய பி.எஃப். நம்பரைக் கேட்டுக்கொண்டிருக்கிறார்.